வாடகை என்று வந்தது என் பணமேதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் மூன்றாம் பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு வண்ண விளம்பரம் ஒன்று வந்திருந்தது. 'சென்னையில் உங்களுக்கும் ஒரு வீடு. மாதந்தோறும் உறுதியான வாடகை. முதலீடு ஒரு லட்சம் முதல்.' அடியில், வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு ராமநாதபுரத்தில் ஒரு திருமண மஹாலில் அறிமுகக் கூட்டம், வருபவர்களுக்கு மதிய உணவு உண்டு என்ற குறிப்பு. நிறுவனத்தின் பெயர் எனக்குப் புதிது. கைப்பேசி எண் புதிதல்ல. அந்த எண் என் வீட்டு பீரோவில், பிளாஸ்டிக் உறைக்குள், 10 லட்சம் ரூபாய் ரசீதின் தலைப்பில் இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தேன். பத்து இலக்கமும் அதேதான்.

நான் அஞ்சல் துறையில் 37 ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட கடலோரக் கிராமங்களில். கையிருப்பில் பத்து ரூபாய் குறைந்தாலும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிய ஆள். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் தெருவில் நின்றபோது, கவுன்டருக்கு வந்த ஒவ்வொருவரிடமும் செய்தித்தாளைக் காட்டி, "கோழி முட்டை போடுவதற்கு முன்னால் வட்டி போடுகிறவனை நம்பாதீர்கள்" என்று பிரசங்கம் செய்திருக்கிறேன். அப்படிப்பட்டவன்தான் இந்தக் கிணற்றில் விழுந்தேன். என்னைப் பார்த்து நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்; என் மனைவி சிரித்து முடித்துவிட்டாள்.

2022 மே 31 அன்று ஓய்வு பெற்றேன். பணிக்கொடை, கம்யூடேஷன் (ஓய்வூதியத்தின் ஒரு பகுதிக்கு ஈடாக மொத்தமாகத் தரும் தொகை), விடுப்புக்கு ஈடாக வந்த பணம் எல்லாம் சேர்த்து 25 லட்சம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் அப்போது 15 லட்சம் வரைதான் போட முடியும். அந்த வரம்பு 30 லட்சமாக உயர்ந்தது 2023 ஏப்ரலில். 15 லட்சத்தை 7.4 சதவீத வட்டிக்குப் போட்டேன். மீதி 10 லட்சத்துக்கு அஞ்சலக மாத வருமானத் திட்டம் இருந்தது. அன்றைய வட்டி 6.6 சதவீதம். கணவன், மனைவி கூட்டுக் கணக்கில் அதிகபட்சம் 9 லட்சம் போட்டால் மாதம் 4,950 ரூபாய் கிடைக்கும். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து மேசையில் வைத்திருந்தேன். அந்த வாரம் என் மனைவியின் அண்ணன் மகன் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, இன்னமும் 4,950 என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களே" என்றான். நல்ல பையன்தான். படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தவன், சென்னை நிறுவனம் ஒன்றுக்கு இந்தப் பகுதியில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். அவன் அழைத்துப் போன கூட்டமும் இதேபோல ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதேபோல ஒரு மஹாலில்தான் நடந்தது. முன்வரிசையில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தவர்கள், நடுவில் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள், பின்னால் விசைப்படகு உரிமையாளர்கள் சிலரும் கருவாட்டு வியாபாரிகளும். திரையில் பழைய மாமல்லபுரம் சாலையையும் இரவில் விளக்கு எரியும் கண்ணாடிக் கட்டடங்களையும் காட்டினார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கில் வீடு தேவைப்படுகிறதாம். நிறுவனம் அங்கே அடுக்குமாடி வீடுகளை வாங்கும். கட்டில், அலமாரி போட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும். முழு வீடு வாங்க நம்மிடம் பணம் இல்லாவிட்டால் என்ன, பங்கு வாங்கலாம். ஒரு லட்சத்துக்கு மாதம் ஆயிரம் வாடகை. மூன்று ஆண்டு முடிந்ததும் பங்கை ஒன்றரை மடங்கு விலைக்கு நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் முடிந்து படகுகள் மறுபடியும் கடலுக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த 61 நாளுக்கு ஒரு குடும்பத்துக்கு அப்போது அரசு கொடுத்த நிவாரணம் 5,000 ரூபாய். பின்னர்தான் 8,000 ஆனது. படகு போனாலும் எல்லைப் பிரச்சினையில் திரும்பி வருமா என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, காற்றும் மழையும் பார்க்காமல் மாதம் பிறந்தால் பணம் என்று கேட்கும்போது, யாருக்கும் காது கொஞ்சம் அடைத்துத்தான் போகும். பிரியாணியும் நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒப்பந்தம் பதினான்கு பக்கம், ஆங்கிலத்தில். ஆங்கிலம் எனக்குத் தெரியாததல்ல. துறையின் விதிப் புத்தகங்களை அந்த மொழியில்தான் மனப்பாடம் செய்தேன். ஆனால் அன்று நான் படித்தது தொகை, தேதி, கையெழுத்து இந்த மூன்றை மட்டுமே. வீட்டைப் பற்றி அடுக்குமாடியின் பெயரும் '4சி' என்பதும் மட்டும் இருந்தன. சர்வே எண் இல்லை, தாய்ப் பத்திரத்தின் எண் இல்லை, நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்பது இல்லை. நூறு ரூபாய் முத்திரைத் தாளில் நோட்டரி முத்திரை அடித்திருந்தார்கள். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தை எழுதிக்கொடுத்தால் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே சொல்கிறது. பத்து லட்சத்துக்கு நான் சார்பதிவாளர் அலுவலகத்தின் படியைக்கூட மிதிக்கவில்லை. 'பங்குதான் மாமா, வீடு இல்லை. பத்திரச் செலவு மிச்சம்' என்று பையன் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது.

ஆகஸ்டில் முதல் பத்தாயிரம் வந்தது. தேதி தவறாமல் ஐந்தாம் தேதி. கைப்பேசியில் அந்தச் செய்தி ஒலி கேட்கும்போது எனக்கு என்ன தோன்றும் என்றால், சென்னையில் யாரோ ஒரு பிள்ளை என் கட்டிலில் படுத்து எழுந்து வேலைக்குப் போய், எனக்கு வாடகை அனுப்புகிறது என்று தோன்றும். மனைவியிடம் "நம்ம வீட்டுப் பிள்ளைகள்" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். பேச்சோடு நிறுத்தியிருந்தால் நஷ்டம் என்னோடு போயிருக்கும். டீக்கடையில் கேட்டவர்களுக்குச் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

எங்கள் பகுதியில் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மன்னார் வளைகுடாவின் தீவுகளை ஒட்டி மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய கடற்பாசியைப் பிய்த்து எடுப்பவர்கள். அவர்களில் ஒருவருக்கு, மாதந்தோறும் பணம் கட்டும் ஐந்தாண்டு ஆர்.டி. சேமிப்புக் கணக்கை என் கையால்தான் தொடங்கிக்கொடுத்தேன். அது முதிர்ந்து வந்த பணத்தோடு ஒரு வளையலை அடகு வைத்து வந்ததையும் சேர்த்து ஒரு லட்சமாக்கி அவர் ஒரு பங்கு வாங்கினார். என்னிடம் கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது, "போஸ்ட் ஆபீஸ்காரரே போட்டிருக்கிறார் என்றுதான் சார் போட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

பதினான்கு மாதம் வந்தது. மொத்தம் 1,40,000 ரூபாய். 2023 அக்டோபர் ஐந்தாம் தேதி ஒலி கேட்கவில்லை. முதலில் வங்கிக் கணக்கு மாற்றம் என்றார்கள். பிறகு தணிக்கை. பிறகு டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தது. அது அவர்களுக்கு இரண்டு மாதத் தவணை வாங்கிக்கொடுத்தது. 2024 ஜனவரியில் போன் எடுப்பதையே நிறுத்தினார்கள். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடாமல் வண்டிகள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றுகொண்டிருந்த காலம் அது. ராமநாதபுரத்தில் சேது எக்ஸ்பிரஸ் ஏறி, மறுநாள் காலை எழும்பூரில் இறங்கினேன்.

அலுவலகம் மூன்றாம் மாடியில். கண்ணாடிக் கதவுக்குச் சங்கிலி போட்டிருந்தது. பெயர்ப் பலகையைக் கழற்றிய இடத்தில் நான்கு துளை. கதவிடுக்கில் தபால் துறையின் அறிவிப்புச் சீட்டுகள் செருகியிருந்தன. 'பதிவுத் தபால் வந்துள்ளது, அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளவும்.' குனிந்து எண்ணினேன், பதினொன்று. அந்தப் பகுதித் தபால்காரர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். பதினொரு வீட்டில் யாரோ வக்கீலிடம் போய் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள் என்று அந்தச் சீட்டுகளே எனக்குச் சொல்லிவிட்டன. எனக்கு முன்னால் வரிசை இருக்கிறது என்று புரிந்தது.

அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, நாவலூரைத் தாண்டி, என் வீட்டைப் பார்க்கப் போனேன். 'என் வீடு' என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. காவலாளியிடம் 4சி என்றதும் மேலே அனுப்பிவிட்டார். கதவைத் திறந்த பையன் திருநெல்வேலிக்காரன். வெயிலில் வந்த என் கோலத்தைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசினான். அவர்கள் மூன்று பேரும் நான்கு மாதத்துக்கு முன்னால்தான் குடி வந்தார்களாம். வாடகையை நேரே உரிமையாளருக்கு அனுப்புகிறார்களாம். உரிமையாளரைப் போனில் பிடித்துக்கொடுத்தான். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் மௌனம். கடைசியில் அவர் சொன்னார்: "ஐயா, அந்த நிறுவனம் என்னிடம் பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குத்தான் எடுத்தது. எனக்கே நான்கு மாத பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்."

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன், உரிமையாளர் சொன்ன பத்திர எண்ணைப் போட்டு, பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை எடுத்துக் காட்டினான். கட்டணம் எதுவும் இல்லை. ஐந்து நிமிட வேலை. கட்டுமான நிறுவனத்திடமிருந்து அந்த உரிமையாளர் வாங்கியது, வங்கிக் கடனுக்கு அடமானம் வைத்தது, இரண்டே பதிவு. எங்கள் நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லை. பின்னர் வாட்ஸ்அப்பில் குழு சேர்ந்து விசாரித்ததில், 4சி என்ற அந்த ஒரே வீட்டுக்குப் பங்குதாரர்கள் என்று 23 பேர் ரசீது வைத்திருக்கிறோம். அறந்தாங்கியில் ஒருவர், தொண்டியில் இருவர், துபாயில் நான்கு பேர். 23 பேரும் ஒரே நாளில் பால் காய்ச்சப் போயிருந்தால் அடுப்படியில் நிற்க இடம் இருந்திருக்காது.

கணக்கு எனக்குத் தெரியாதா? அந்த உரிமையாளர் 50 லட்சத்துக்கு வாங்கிய வீட்டுக்கு அந்தப் பையன்கள் கொடுக்கும் வாடகை 15,000. ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். அதாவது 3.6 சதவீதம். பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களைக் கழித்தால் அதுவும் இல்லை. கட்டில் போட்டுத் தலைக்கணக்கில் விட்டால் கொஞ்சம் கூடும். 12 சதவீதம் ஒருநாளும் ஆகாது. அப்படியானால் எனக்கு மாதாமாதம் வந்த பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் கொடுத்ததிலிருந்து, அல்லது என் பத்து லட்சத்திலிருந்தே. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். பாசி எடுக்கும் அந்தப் பெண் கொடுத்த ஒரு லட்சம், எனக்கு வந்த வாடகையில் பத்து மாதப் பணமாக இருந்திருக்கலாம். இதை நினைக்காமல் தூங்க முடிகிற நாள் குறைவு.

பங்கு என்ற சொல் எங்கள் கரையில் புதிதல்ல. கரைவலை இழுக்கும்போது போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து மணிக்கணக்கில் இழுத்து, மீன் சேரும் வலையின் மடி கரையேறி, மீன் மணலில் கொட்டி, எல்லார் கண் முன்னாலும் ஏலம் போய், செலவைக் கழித்த பிறகுதான் பங்குப் பேச்சே வரும். மீன் படாத நாளில் பங்கும் இல்லை, அதற்காக யாரும் யாரையும் ஏமாற்றுக்காரன் என்பதில்லை. மடி கடலுக்குள் இருக்கும்போதே 'உன் பங்கு இவ்வளவு உறுதி' என்று ஒருவன் சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்கூடத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போயிருப்பார். நான் எழுதப் படிக்கத் தெரிந்தவன். உட்கார்ந்திருந்தேன்.

பணத்தைப் பற்றிப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தில் சொத்துகளை முடக்கி, தனி நீதிமன்றம் மூலம் பங்கிட்டுத் தர வழி இருக்கிறது. அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2011இல் சொல்லியிருக்கிறது. முடக்குவதற்கு அவர்கள் பெயரில் ஏதாவது இருக்க வேண்டுமே என்பதுதான் எங்கள் கவலை. அது அதன் வழியில் போகட்டும்.

நான் உங்களுக்கு எழுதுவது அந்த விளம்பரத்தைப் பற்றிச் சொல்லத்தான். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்பவர்கள் பதிவு செய்ய வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். முகவருக்கும் பதிவு எண் வேண்டும். என் மைத்துனர் மகனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு, விளம்பரத்தில் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணைய முகவரியும் பதிவு எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் அரைப் பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். பிரியாணியின் படம் இருக்கிறது, எண் இல்லை.

அவர்கள் 'நாங்கள் வீடு விற்கவில்லை, பங்குதான் தருகிறோம்' என்று உங்கள் விளம்பரப் பிரிவிடம் சொல்லியிருக்கலாம். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள். அப்படியானால் அது பலரிடம் பணம் திரட்டும் வேலை. அதற்குப் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் அனுமதி வேண்டும். பலர் சேர்ந்து கட்டடத்தில் முதலிட்டு வாடகையைப் பிரித்துக்கொள்ள 'ரீட்' என்ற முறை 2014 முதல் இருக்கிறது. 2024 மார்ச்சில் சிறிய திட்டங்களுக்கும் விதி வந்தது. அதில் ஒருவர் குறைந்தது 10 லட்சம் போட வேண்டும், திட்டத்தின் பணத்தில் 95 சதவீதமாவது கட்டி முடித்து வருமானம் தரும் சொத்தில் இருக்க வேண்டும். 'ஒரு லட்சம் முதல்' என்பதற்கு அங்கே இடமே இல்லை. செபியும் இல்லை, ரெராவும் இல்லை என்றால் மிஞ்சுவது, 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டம். அந்தச் சட்டத்தில் உங்களுக்கும் ஒரு வரி இருக்கிறது. அத்தகைய திட்டத்தின் விளம்பரத்தை வெளியிட்ட பத்திரிகை, அதே இடத்தில், அதே முறையில், கட்டணம் இல்லாமல் மறுப்பு வெளியிட வேண்டும் என்று அரசு உத்தரவிடலாம். அரசு உத்தரவிடும் வரை காத்திருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

'விளம்பரங்களின் உண்மைத்தன்மைக்கு நாளிதழ் பொறுப்பல்ல' என்று ஆறாம் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி போடுகிறீர்கள். அதே எழுத்தின் அளவில் அந்த அரைப் பக்கத்தையும் போட்டிருந்தால் எனக்கு மனக்குறை இல்லை. 1985இல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து உங்கள் நாளிதழைக் காசு கொடுத்து வாங்குகிறேன். எங்கள் ஊரில் டிவியில் வந்தால் 'எவனோ சொல்கிறான்' என்பார்கள். பேப்பரில் வந்தால் 'பேப்பரிலேயே போட்டிருக்கிறான்' என்பார்கள். முதல் கூட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போன அன்று பையன் காட்டியதும் ஒரு பேப்பர் விளம்பரத்தைத்தான். விளம்பரம் எடுத்து வருபவரிடம் உங்கள் ஊழியர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: பதிவு எண் என்ன? எண் கொடுத்தால் ரெராவின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம். எண் இல்லை என்றால், அந்த அரைப் பக்கத்தில் வானிலை அறிக்கையைப் பெரிதாகப் போடுங்கள். எங்கள் கரையில் அதைப் படிக்க ஆள் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். எனக்கு வெட்கம் என்பதால் அல்ல. வெட்கப்பட வேண்டியதைப் பட்டாகிவிட்டது. மைத்துனர் மகன் தன் பங்குக்குத் தானும் இரண்டு லட்சம் போட்டு ஏமாந்தவன். இப்போது உப்பளத்தில் கணக்கு எழுதுகிறான். வீட்டு விசேஷத்துக்கு வந்தால் என் கண்ணைப் பார்ப்பதில்லை. ஊர் அவனை இதற்கு மேல் விசாரிக்க வேண்டாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கே அந்த மஹால் வாசலில் நாங்கள் ஆறு பேர் ரசீதின் நகல்களோடு நிற்கப்போகிறோம். பாசி எடுக்கும் அந்த அம்மாவும் அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் வருகிறேன் என்றிருக்கிறார். உங்கள் ராமநாதபுரம் செய்தியாளரை அனுப்பி வைத்தால் நல்லது. பெயரைப் பதிவு செய்பவர்களுக்குச் சாப்பாட்டு டோக்கன் நுழைவாயிலில் இடப்பக்க மேசையில் கொடுப்பார்கள். போன தடவை எனக்கு அங்கேதான் கொடுத்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர்,
கீழக்கரை வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்